மீல்வார்முக்குத் துணைத்தீவனம்: சோயா சேர்த்தும் வளர்ச்சி கூடவில்லையே, ஏன்?

கோவை_தட்டு

வணக்கம். மஞ்சள் மீல்வார்ம் (உணவுக்கும் தீவனத்துக்கும் வளர்க்கும் ஒரு வண்டின் புழு) வளர்ப்பில் துணைத்தீவனம் பற்றி ஒரு தெளிவு வேண்டும். ஒரே வயதுப் புழுக்களை 60 × 40 செ.மீ. தட்டு மூன்றில் பிரித்து வைத்திருக்கிறேன். முதல் தட்டில் வெறும் கோதுமைத் தவிடு. இரண்டாவதில் தவிடும், இரண்டு நாளைக்கு ஒருமுறை கேரட்டும். மூன்றாவதில் தவிட்டோடு 10% சோயாப் புண்ணாக்குத் தூள், கேரட் கிடையாது. அறை 27 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 50 முதல் 55%.

கேரட் தட்டுப் புழுக்கள் கண்ணுக்கே தெரியும்படி பெருத்துவிட்டன. சோயாத் தட்டுக்கும் வெறும் தவிட்டுத் தட்டுக்கும் வித்தியாசமே இல்லை. புரதம் கூடினால் வளர்ச்சி கூடும் என்றுதான் எங்கும் எழுதியிருக்கிறது. சோயாவை நிறுத்திவிடலாமா? வாரம் ஒருமுறை அரை மில்லிமீட்டர் சல்லடையில் கழிவைச் சலித்து எடுத்துவிட்டு, மேலே நிற்பதைத் திரும்பத் தட்டில் கொட்டுகிறேன்.

தவிடு_வாத்தியார்

நிறுத்த வேண்டாம். இந்த மூன்று தட்டை வைத்து சோயாவைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. கேரட் தட்டில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் தண்ணீரின் வேலை. 100 கிராம் கேரட்டில் சுமார் 88 கிராம் தண்ணீர். மீதி 12 கிராமில் பெரும்பங்கு சர்க்கரையும் நாரும், புரதம் ஒரு கிராம் அளவுதான். அதே நேரம் தவிட்டில் ஈரம் 10 முதல் 12% மட்டுமே.

மீல்வார்ம் வறட்சியைத் தாங்கும் பூச்சி. குடலின் கடைசிப் பகுதியில் எச்சத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சித் திரும்ப எடுத்துக்கொள்ளும் அமைப்பு அதற்கு உண்டு. காற்றின் ஈரம் 88%க்கு மேல் போனால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுக்கும். ஆனால் உங்கள் அறையின் 50% ஈரத்தில் அது நடக்காது. அங்கே புழு தன் மாவுச்சத்தையும் கொழுப்பையும் எரித்து, அதில் கிடைக்கும் தண்ணீரில்தான் காலம் தள்ளும். எரித்ததெல்லாம் எடையாக மாறாத தீவனம். அந்த நிலையில் நீங்கள் கொடுத்த கூடுதல் புரதத்தைத் தசையாக்க அதற்கு வழியில்லை. முதல் தடை தண்ணீர், இரண்டாவதுதான் புரதம். முதல் தடை இருக்கும்வரை இரண்டாவதைத் தளர்த்தினாலும் பலன் கண்ணில் படாது.

எல்லாத் தட்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் கொடுத்துவிட்டு, அதன் மேல் சோயாவைச் சேர்த்தும் சேர்க்காமலும் பாருங்கள். அப்போதுதான் பேச்சு.

சல்லடை_36

வாத்தியார் சொன்னது சரி. அதோடு இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: சோயா புழுவின் வாய்க்குப் போனதா என்றே சந்தேகமாக இருக்கிறது. அரை மில்லிமீட்டர் சல்லடை என்கிறீர்கள். கடையில் கிடைக்கும் சோயாத் தூளை மிக்ஸியில் அரைத்தால் பெரும்பகுதி அரை மில்லிமீட்டருக்குக் கீழேதான் வரும். தவிடு சிம்பு சிம்பாக இருக்கும். நைஸான தூள் அதன் இடுக்கில் இறங்கித் தட்டின் அடியில் தங்கும். வாரம் ஒருமுறை சலிக்கும்போது கழிவோடு சேர்ந்து வெளியே போய்விடும்.

சோதிப்பது எளிது. மூன்றாவது தட்டின் கழிவில் ஒரு சிட்டிகை எடுத்துக் கருப்புக் காகிதத்தில் பரப்பி உருப்பெருக்கியில் பாருங்கள். புழுவின் எச்சம் ஒரே அளவான, இரு முனையும் வெட்டுப்பட்ட குட்டி உருளைகளாக, மணல் மாதிரி இருக்கும். சோயாத் தூள் வெளிறி, உருவமில்லாமல், விரலில் ஒட்டும். இரண்டும் கலந்து கிடந்தால், சோயாவை நீங்கள் குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

கோவை_தட்டு

பார்த்தேன் சார். பாதிக்கு மேல் மாவுதான். விரலில் அப்படியே ஒட்டுகிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

சல்லடை_36

இரண்டு வழி. ஒன்று, தவிட்டையும் அரைத்துவிடுவது: தவிடு, சோயா, ஈஸ்ட் எல்லாம் ஒரே நைஸ் என்றால் பிரியாது. ஆனால் அப்போது கழிவையும் தீவனத்தையும் சல்லடையால் பிரிக்க முடியாது. குஞ்சுப் பருவத்துக்கு, அதாவது முதல் நாலு வாரத்துக்கு மட்டும் இது நல்லது. அந்தப் பருவத்தில் எப்படியும் சலிக்கக் கூடாது.

பெரிய புழுவுக்கு உதிரிக்கட்டி செய்யுங்கள். கலந்த தீவனம் 1 கிலோவுக்கு 350 முதல் 400 மி.லி. தண்ணீர் தெளித்துப் புட்டுமாவு பதத்துக்குப் பிசிறவும். 3 மி.மீ. சல்லடையில் தேய்த்து உதிர்க்கவும். மெல்லிய அடுக்காகப் பரப்பி 60 முதல் 65 டிகிரியில் காயவைக்கவும். முழுக்கக் காய்ந்து, பிடித்தால் மொறுமொறு என்று உடைய வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததை மூட்டை கட்டினால் மறுநாளே உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்தபின் 1 மி.மீ. சல்லடையில் சலித்து, கீழே விழும் தூளை அடுத்த கலவையில் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த வெப்பத்தில் காய்வதால் தவிட்டோடு வரும் மைட் என்கிற பொடி உண்ணி, அந்துப்பூச்சி முட்டை எல்லாமே சாகும். வெயிலில் மட்டும் காயவைத்தால் அந்தப் பலனை நம்ப முடியாது.

கேணிக்கரை

தண்ணீரை மட்டும் தனியாகச் சோதிக்க விரும்பினால் கேரட்டை விட சைனா கிராஸ் (அகர்) கட்டி நல்லது. 1 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் அகர் தூள். குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, கொதி வந்தபின் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, தட்டில் ஊற்றி ஆறவிடுங்கள். 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கி மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். அதில் சத்து ஏறக்குறைய எதுவும் இல்லை. ஆகவே அகர் தட்டுக்கும் கேரட் தட்டுக்கும் இடையே தெரியும் வித்தியாசம் கேரட்டின் சத்து. அகர் தட்டுக்கும் உலர் தட்டுக்கும் இடையே தெரிவது தண்ணீர்.

பண்ணை நடத்த அகர் கட்டாது. தினசரிக்குக் கேரட், சௌசௌ, பூசணி, சர்க்கரைவள்ளி போதும். வெள்ளரியும் சுரைக்காயும் 95% தண்ணீர். வெட்டிய பக்கம் தவிட்டில் பட்டதுமே அங்கே தவிடு களியாகிப் பூஞ்சணம் கட்டும். கேரட்டை நீளவாக்கில் கீறித் தோல்பக்கம் கீழே இருக்கும்படி வைத்தால் தவிடு நனையாது.

அளவு: ஒரு கிலோ புழுவுக்கு 50 கிராமில் தொடங்குங்கள். 12 மணி நேரத்துக்குள் காலியானால் அடுத்த முறை 75, பிறகு 100. 24 மணி நேரத்துக்குப் பின்னும் மிச்சம் கிடந்தால் அது அதிகம், எடுத்து வெளியே போடுங்கள். தட்டின் அடியில் கைவிட்டுப் பார்த்து, தவிடு உருண்டை பிடித்தால் ஈரத்தீவனத்தை இரண்டு நாள் நிறுத்த வேண்டும். காற்றின் ஈரம் 70%ஐத் தாண்டும் மழைக்காலத்தில் உண்ணி பெருகும், அப்போது இதில் பாதி போதும்.

பூச்சியியல்_மாணவி

புரதத்தின் பக்கம் சில விவரங்கள். 2015இல் நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் ஆய்வில் மஞ்சள் மீல்வார்ம், சூப்பர்வார்ம், எருமைப்புழு எனப்படும் சின்ன வகை ஆகிய மூன்றையும் உணவுத் தொழிலின் மிச்சங்களில் வளர்த்தார்கள்: பீர் ஆலைப் பார்லிச் சக்கை, ஈஸ்ட், ரொட்டி, பிஸ்கட் மிச்சம், உருளைத்தோல், மக்காச்சோள ஆல்கஹால் சக்கை. ஈஸ்ட் வழியாகப் புரதம் கூடிய தீவனங்களில் வளர்ச்சிக்காலம் குறைந்தது, சாவும் குறைந்தது. மாவுச்சத்து மட்டும் நிறைந்தவற்றில் இழுத்தது.

வியாபாரத்துக்கு முக்கியமான இன்னொரு முடிவு: தீவனத்தின் புரதம் இரண்டு மூன்று மடங்கு வேறுபட்டாலும் புழுவின் உடல் புரதம் அதிகம் அசையவில்லை. கொழுப்பின் அளவும் கொழுப்பு அமிலங்களும்தான் மாறின. ஆகவே சோயா போட்டால் “புரதம் கூடிய புழு” கிடைக்கும் என்று விற்பது தவறு. கிடைப்பது வேகமாக வளர்ந்த, குறைவாகச் செத்த புழு. அதுவே பெரிய லாபம்தான்.

சோயாவும் ஈஸ்டும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. சோயா புரதத்தைத் தரும். ஈஸ்ட் புரதத்தோடு பி வைட்டமின்களையும் ஸ்டெரால்களையும் (கொலஸ்ட்ரால் வகைப் பொருள்கள்) தரும். பூச்சிகளால் ஸ்டெராலை உடலில் உண்டாக்க முடியாது, தீவனத்தில் வந்தாக வேண்டும். கொழுப்பை எரிக்க உதவும் கார்னிடைன் என்ற பொருள் இந்தப் புழுவுக்கு வைட்டமின் மாதிரித் தேவை. அப்படி ஒரு பொருள் வேண்டும் என்பதைப் பூச்சியியலாளர் ஃப்ரேங்கல் 1940களின் இறுதியில் இதே மீல்வார்மை வைத்துத்தான் கண்டறிந்தார். அந்தப் பொருள் கார்னிடைன்தான் என்று 1952இல் உறுதியானது. தவிடும் ஈஸ்டும் உள்ள தீவனத்தில் இதைத் தனியாக வாங்கிச் சேர்க்கத் தேவையில்லை. வெறும் ஸ்டார்ச், சுத்திகரித்த புரதம் என்று செயற்கைத் தீவனம் கலப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

தவிடு_வாத்தியார்

நல்ல விளக்கம் அம்மா. நடைமுறைக் கலவை ஒன்று தருகிறேன், 10 கிலோவுக்கு: கோதுமைத் தவிடு 8.5 கிலோ, வறுத்த சோயாப் புண்ணாக்கு 1 கிலோ, செயலிழக்கச் செய்த உலர் ஈஸ்ட் அரைக் கிலோ. தவிட்டில் 16%, சோயாவில் 46%, ஈஸ்டில் 45% புரதம் என்று வைத்தால் மொத்தம் சுமார் 20.5% வரும். மீல்வார்முக்கு அது போதுமானது. பச்சை சோயாவை அரைத்துப் போடக் கூடாது. புரதத்தைச் செரிக்கவிடாத பொருள் அதில் இருக்கிறது, சூடுபட்டால்தான் அடங்கும். உயிருள்ள பேக்கரி ஈஸ்டைப் போட்டால் ஈரம் பட்ட இடத்தில் நொதிக்கும், தட்டு சூடேறும்.

கோவை_தட்டு

20% போதும் என்கிறீர்கள். சோயாவை 25% வரை ஏற்றினால் இன்னும் வேகம் வருமா? சின்ன டப்பா ஒன்றில் போட்டுப் பார்த்ததில் கண் எரியும் நாற்றம் வருகிறது, புழுக்கள் ஓரத்துக்கு ஏறுகின்றன.

தவிடு_வாத்தியார்

வராது. தேவைக்கு மேல் போன புரதத்தைப் புழு எரித்து, அதன் நைட்ரஜனை யூரிக் அமிலமாக எச்சத்தில் தள்ளும். எச்சம் உலர்ந்திருந்தால் ஒன்றுமில்லை. கேரட் ஈரம் பட்டால் நுண்ணுயிர் அதை அமோனியாவாக உடைக்கும். கண் எரிவது அதனால்தான். புழு ஓரத்துக்கு ஏறுவது அமோனியாவிலிருந்தும் சூட்டிலிருந்தும் தப்பிக்க. உடனே சலித்து, உலர்ந்த தவிட்டில் கொட்டி, 24 மணி நேரம் ஈரத்தீவனம் இல்லாமல் வையுங்கள். சூட்டை ஒரு வெப்பமானியைப் படுகையின் (தட்டில் தவிடும் புழுவும் கிடக்கும் அடுக்கின்) நடுவில் செருகிப் பாருங்கள், அறைச் சுவரில் தொங்குவதைப் பார்த்துப் பயனில்லை. அடர்த்தியாக உள்ள பெரிய புழுக்கள் படுகையை அறையை விடப் பல டிகிரி சூடாக்கும். படுகை 30 டிகிரிக்கு மேல் போனால் வளர்ச்சி பின்வாங்கத் தொடங்கும். உயரம் 4 முதல் 5 செ.மீ.யைத் தாண்ட வேண்டாம்.

புரதம் குறைந்தாலும் ஆபத்து உண்டு: கூட்டுப்புழுவைக் கடிக்கும், இப்போதுதான் தோல் உரித்த வெள்ளைப் புழுவைத் தின்னும். கடிபட்ட இடத்தில் கருப்புத் தழும்பு தெரியும். அதைப் பார்த்தால் முதலில் ஈரம், அடுத்து புரதம், கடைசியில் நெரிசல் என்று தேடுங்கள்.

தேங்காய்_மட்டை

எங்கள் பக்கம் சோயாவை விடத் தேங்காய்ப் புண்ணாக்கும் கடலைப் புண்ணாக்கும்தான் சல்லிசு. அரிசித் தவிடும் மில்லில் அள்ளலாம். இதையெல்லாம் போடலாமா?

சல்லடை_36

அரிசித் தவிடு: எண்ணெய் நீக்கியது என்றால் போடலாம். நீக்காததில் எண்ணெய் 15%க்கு மேல். மில்லை விட்டு வெளிவந்த சில நாளிலேயே சிக்கு வாடை அடிக்கும். அப்படியே வேண்டுமென்றால் அரைத்த அன்றே வறுத்துவிட வேண்டும். கோதுமைத் தவிட்டில் கால் பங்கைத் தாண்டினால் படுகை கட்டிபட்டுக் காற்றுப் போகாது.

தேங்காய்ப் புண்ணாக்கு: புரதம் 20 முதல் 22%, தவிட்டை விடச் சற்றே கூடுதல். 10% போட்டாலும் மொத்தப் புரதம் அரை சதவீதம் ஏறும், அவ்வளவுதான். செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் மிச்சம் இருப்பதால் எறும்பு தேடி வரும்.

கடலைப் புண்ணாக்கு: புரதம் சோயாவுக்கு இணை, ஆனால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சு அதில் இருக்கலாம். மீல்வார்ம் அந்த நஞ்சைத் தாங்கிக்கொள்ளும். உடம்பிலும் பெரிதாகச் சேர்த்து வைக்காது. அதுதான் சிக்கலே. புழு சாகாததால் நஞ்சு இருப்பது தெரியாது. குடலில் நிற்கும் எச்சத்தோடு சாப்பிடுகிறவர் தட்டுக்குப் போகும். ஆய்வகச் சான்று இல்லாத கடலைப் புண்ணாக்கு உணவுத்தரப் பண்ணைக்குள் வரக் கூடாது. பருத்திக்கொட்டையும் வேண்டாம். வேப்பம் புண்ணாக்கு அள்ளிய சாக்கில் தவிடு அள்ளினாலே போதும், வளர்ச்சி நின்றுவிடும்: புழு தின்பதை நிறுத்தும், தோல் உரிப்பது பாதியில் மாட்டும்.

கேணிக்கரை

முட்டைக்கோஸ், காலிபிளவர் இலையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சந்தையில் இலவசமாகக் கிடைப்பதால் பலர் அள்ளி வருவார்கள். பூச்சிக்கு அடித்த மருந்து பூச்சியைத்தானே கொல்லும்! புதிய மூட்டை எதுவானாலும் ஒரு டப்பாவில் 50 புழுவை அந்த இலையோடு 48 மணி நேரம் வையுங்கள். நடுக்கம், உடல் சுருண்டு முறுக்குவது, இரண்டு மூன்றுக்கு மேல் சாவு என்று எது தெரிந்தாலும் மூட்டையையே ஒதுக்குங்கள். வளர்ச்சியைத் தடுக்கும் வகை மருந்து இரண்டு நாளில் தெரியாது, அடுத்த தோல் உரிப்பில்தான் தெரியும். அதனால் கோஸ் வகையை விட மண்ணுக்குள் விளைந்து தோல் சீவக்கூடியதே நல்ல தேர்வு.

நெல்லை_வண்டு

கொரியாவில் தின்னும் வெள்ளைப் புழு, தாய்லாந்தில் பனங்கூன்வண்டுப் புழு இவற்றுக்கும் இதே துணைத்தீவனக் கணக்குதானா?

பூச்சியியல்_மாணவி

இல்லை. கொரியாவில் 2016இல் பொது உணவுப்பொருளாக ஏற்கப்பட்ட வெள்ளைப்புள்ளிப் பூவண்டின் புழு, மட்கிய ஓக் மரத்தூளைத் தின்பது. அங்கே தவிடு, சோயாச் சக்கை, காளான் வளர்த்த மிச்சம் போன்றவை துணைத்தீவனம். சேர்த்தால் எடை வேகமாக ஏறும். ஆனால் மரத்தூளோடு நொதிக்கவிட்டு, சூடு தணிந்தபிறகுதான் புழுவை விட வேண்டும். நொதி முடியாத தவிட்டைப் புழு உள்ள பெட்டியில் கலந்தால் பெட்டிக்குள்ளேயே சூடேறும், ஆக்சிஜன் தீரும், புழுக்கள் மேலே வந்து கிடக்கும்.

தென் தாய்லாந்தில் கூன்வண்டுப் புழுவை சவ்வரிசிப் பனையின் துண்டங்களிலும், அரைத்த பனைச்சோற்றில் பன்றித் தீவனம் கலந்த பேசின்களிலும் வளர்க்கிறார்கள். பேசின் முறையில் அந்தத் தீவனம்தான் வளர்ச்சிக்காலத்தைச் சுருக்குவது. ஆனால் அண்ணா, அது நம் தென்னையைக் குடையும் அதே சிவப்புக் கூன்வண்டு. தோப்புள்ள ஊரில் இதை வளர்க்கும் யோசனையே வேண்டாம். நாலு வண்டு தப்பினால் பக்கத்துத் தோப்புக்கு அழிவு.

சிங்கை_வளர்ப்பு

உணவுக்கென்று விற்க நினைப்பவர்கள் தீவனக் கணக்கோடு சட்டத்தையும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் உலர்ந்த மஞ்சள் மீல்வார்மை அனுமதித்தது. இங்கே சிங்கப்பூரில் 2024 ஜூலையில் 16 பூச்சி வகைகளுக்கு அனுமதி வந்தது, மீல்வார்மும் அதில் ஒன்று. ஐரோப்பாவில் வளர்ப்புப் பூச்சியும் சட்டப்படி பண்ணை விலங்குதான். ஆகவே ஹோட்டல் எச்சில் உணவு, சாணம் எதுவும் தீவனமாகக் கூடாது. மீல்வார்ம் காட்மியத்தைத் தீவனத்திலிருந்து உடலில் சேர்த்து வைக்கும். தவிட்டை மாற்றினால் அதற்கான பரிசோதனையையும் மறுபடி செய்ய வேண்டும்.

அறுவடைக்கு முன் குறைந்தது 24 மணி நேரம் பட்டினி. கேரட்டின் நிறம் குடலில் தெரியும்வரை பட்டினி முடியவில்லை என்று அர்த்தம். ஒமேகா-3 வேண்டுமென்றால் கடைசி வாரங்களில் ஆளிவிதை சிறிதளவு சேர்த்தால் புழுவின் கொழுப்பில் அது ஏறும். அதிகம் போட்டால் எண்ணெய் கசிந்து தவிடு ஒட்டும். பாக்கெட்டில் இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்களுக்கான எச்சரிக்கை அவசியம்.

கோவை_தட்டு

எல்லோருக்கும் நன்றி. புதிய திட்டம்: உதிரிக்கட்டியாக நான்கு தீவனம். வெறும் தவிடு, தவிடும் சோயாவும், தவிடும் ஈஸ்டும், மூன்றும் சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே எடை அகர் கட்டி. தினமும் புழுவை நிறுத்துப் பார்க்கலாமா?

தவிடு_வாத்தியார்

தினமும் கலைத்தால் புழு தின்பதை நிறுத்தும். வாரம் ஒருமுறை போதும். தட்டின் நடுவிலிருந்தும் நான்கு மூலையிலிருந்தும் சேர்த்து 100 புழு எடுத்து, 0.01 கிராம் காட்டும் தராசில் மொத்தமாக நிறுத்து 100ஆல் வகுங்கள். பெரிதாகப் பார்த்துப் பொறுக்கக் கூடாது. கரண்டியில் வந்ததை அப்படியே எண்ணுங்கள். அகர் வைத்த மறுநாள் நிறுத்தால் குடலில் உள்ள தண்ணீரும் எடையில் வரும். அகர் வைப்பதற்கு முந்தைய காலையிலேயே எப்போதும் நிறுங்கள்.

ஒவ்வொரு தீவனத்துக்கும் குறைந்தது மூன்று தட்டு. அலமாரியின் மேல்தட்டு எப்போதும் சூடு. ஆகவே வாரம்தோறும் இடம் மாற்றுங்கள். வண்டுகளை முட்டையிடும் தட்டில் 7 நாள் மட்டும் விட்டு எடுத்தால் புழுக்களின் வயது ஒரு வாரத்துக்குள் அடங்கும். வயது கலந்தால் சராசரி எடைக்கு அர்த்தமில்லை.

தீவனக் கணக்கை உலர் எடையில் போடுங்கள். உதாரணத்துக்கு 1,200 கிராம் கலவை தின்றிருந்தால் உலர் எடை 1,080. அகருக்குப் பதில் கேரட் 600 கிராம் கொடுத்திருந்தால் அதில் 72. மொத்தம் 1,152. புழு எடை 550 கிராம் கூடியிருந்தால் 1,152 ÷ 550 = 2.09, அதாவது ஒரு கிலோ எடை கூட 2.09 கிலோ உலர் தீவனம். தின்னாமல் மேலே நிற்கும் உதிரிக்கட்டியைச் சலித்து நிறுத்துக் கழித்துவிட்டுத்தான் 1,200 என்று எழுத வேண்டும். கழிக்காமல் போட்டால் அதிகம் கொட்டிய தட்டு மோசமானதாகத் தெரியும். பணக்கணக்குக்கு, மொத்தத் தீவனச் செலவைக் கூடிய எடையால் வகுங்கள். ஈஸ்ட் வளர்ச்சியைக் கூட்டியும் இந்த எண் ஏறினால், ஈஸ்டைக் குஞ்சுப் பருவத்துக்கும் முட்டையிடும் வண்டுக்கும் மட்டும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

சல்லடை_36

ஒரு திருத்தம். அரை மி.மீ. சல்லடையை முதல் நாலு வாரம் தொடவே வேண்டாம், குஞ்சுப் புழுவே அதில் இறங்கிவிடும். அதன்பின் சலிக்கும் ஒவ்வொரு முறையும் கழிவை மூடிய டப்பாவில் இரண்டு வாரம் வைத்திருந்து பாருங்கள். உள்ளே ஏதாவது நெளிந்தால் சீக்கிரமே சலித்துவிட்டீர்கள் என்று தெரியும், புழுவையும் மீட்டுக்கொள்ளலாம்.